பன்னிரண்டு மணி மாத்திரை

அத்தியாயம் 14

திங்கட்கிழமை பச்சையம்மாவின் வலது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். புதன்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைகளை யார் கொடுப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். மூத்த மகன் பிரகாஷ் வாய் திறப்பதற்குள், "நான்" என்றாள் அவன் மனைவி சுஜா.

ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. வீட்டில் இரண்டே பேர். பிரகாஷ் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டப் போயிருந்தான். மகள் மோகனப்ரியா பள்ளிக்கூடத்தில்; டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவாள். பச்சையம்மாவின் இளைய மகன் திலீப் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான். மதியம் வருவான்.

பச்சையம்மா முன்னறைக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கட்டுக்கு மேலே தொடை வீங்கியிருந்தது. முப்பது வருஷம் மீன் ஏலத்தில் நின்று தேய்ந்த கால்.

சுஜா சமையலறையில் இருந்தாள். மாத்திரைப் பெட்டி ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நர்ஸ் மெர்லின் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது. வெள்ளை மாத்திரை: காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு. மஞ்சள் மாத்திரை: காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின். ஐஸ்: துணி சுற்றி, இருபது நிமிஷம்.

"வலி வந்தப்புறம் குடுக்காதீங்கக்கா," என்று மெர்லின் சொல்லியிருந்தாள். "வர்றதுக்கு முந்தியே குடுக்கணும். தொடையில மரத்துப்போற மருந்து ஏறிட்டு இருந்துச்சு, அந்த ட்யூபை எடுத்துட்டோம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காலுக்கு முழு உணர்வு வந்துடும். ஒரு வேளை விட்டீங்கன்னா வலி மேல ஏறிடும். ஏறினத இறக்கறது கஷ்டம்."

"ஒரு வேளை விட்டா என்ன ஆகும்?"

"உயிருக்கு ஒண்ணும் ஆகாது. வலிக்கும். அவ்ளோதான்."

"அவ்ளோதானே," என்றாள் சுஜா.

இதைவிடப் பெரிய மாத்திரை உண்டு. டாக்டர் அதை எழுதப் பேனாவை எடுத்தபோது பச்சையம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்த மாத்திர என் வூட்டு வாசப்படி ஏறக் கூடாது சார். என் சின்ன புள்ள அத்தப் போட்டுத்தான் கெட்டான். நாலு மாசம் புழல் ஜெயில்ல குந்திகினு வந்தான். இப்பதான் பதினோரு மாசமா மனுசனா கீறான். வலி இருந்துட்டுப் போவட்டும்."

டாக்டர் பேனாவை மூடினார். "அது இல்லாமலே சமாளிக்கலாம்மா. இந்த ரெண்டு மாத்திரையும் ஐஸும் போதும். நேரம் மட்டும் தவறக் கூடாது."

அப்போதுதான், யார் கொடுப்பீர்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. பச்சையம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சமையலறை வாசலைப் பார்த்தாள்.

சுஜா வெண்டைக்காய் நறுக்கினாள்.

"ஏய், கடக்காரன் பொண்ணே."

"என்ன அத்தை."

"மணி இன்னா?"

"கடிகாரம் உங்களுக்கு நேரேதான இருக்கு."

"பன்னெண்டே காலு."

"ஆமா."

பச்சையம்மா மணியைத்தான் கேட்டாள். மாத்திரையைக் கேட்கவில்லை. சுஜாவுக்கு வேண்டியிருந்தது ஒரே வாக்கியம். வலிக்குது, மாத்திரை குடு. அதைச் சொன்னால் போதும். தண்ணீரோடு போய் நிற்பாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் மோகனப்ரியாவை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரைகளைப் பச்சையம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். வாசலுக்குப் போனாள். சாக்கடையில் போட்டாள்.

"மாத்திர பால்ல எறங்கும். கொயந்த தூங்கிகினே கெடக்கும். நோவாம பெத்தவதானே நீ. இப்பனா நோவட்டும்."

தையல் போட்ட வயிற்றோடு சுஜா மூன்று நாள் தலையணையைக் கடித்தாள். கேட்டாள். கெஞ்சினாள். கட்டிலை விட்டு இறங்கிக் காலைப் பிடித்தாள். பிடித்தது வலது காலா இடது காலா என்று நினைவில்லை. வலது என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் தலையணைக்கு அடியில் காகிதத்தில் மடித்த நான்கு மாத்திரைகள் இருந்தன. வைத்தவன் திலீப். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

பன்னிரண்டு நாற்பது.

பச்சையம்மாவின் நெற்றி வேர்த்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"தண்ணி."

சுஜா தண்ணீர் கொண்டுபோனாள். தண்ணீர் மட்டும். இருவரும் டம்ளரைப் பார்த்தார்கள். பச்சையம்மா ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்லாக் கீது."

"என்னது?"

"தண்ணி."

"வேற ஏதாவது வேணுமா அத்தை?"

"உங்கப்பன் ஒரு கிலோ பருப்புல நூறு கிராம் கொறைப்பான். நீ எத்தினி கொறைக்கிற?"

"எங்கப்பா எடை சரியாத்தான் இருக்கும். மேல நல்ல மீனு, கீழ நாத்த மீனுன்னு கூடை அடுக்கறது யாருன்னு திருவொற்றியூருக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் வாங்குறாங்க."

சுஜா டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ஒரு மணிக்கு ஷிஜி வந்தாள். பிசியோதெரபி செய்கிற பெண். ஊர் மார்த்தாண்டம் பக்கம். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் வைத்திருந்தாள்.

"பன்னிரண்டு மணி மாத்திரை போட்டாச்சா?"

சுஜாவிடம் பதில் தயாராக இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்வாள். மாமியார் அப்போது குதிப்பாள், கேட்பாள், கத்துவாள். அதற்குப் பிறகு கொடுப்பாள்.

"போட்டாச்சு கண்ணு," என்றாள் பச்சையம்மா.

சுஜா திரும்பிப் பார்த்தாள். பச்சையம்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் மாத்திரை தரவில்லை என்று வெளியாளிடம் சொல்வதைவிட அவளுக்கு வலி மேல்.

இல்லை, போடவில்லை என்று சுஜா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இன்னைக்கு எழுபது டிகிரியாவது மடங்கணும்மா," என்றாள் ஷிஜி. "இந்த ரெண்டு வாரத்தை விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் மார்க்கெட்டை மறந்துட வேண்டியதுதான்."

"மார்க்கெட்ட நீ மறந்துடு. நான் மறக்க மாட்டேன். மடக்கு."

ஷிஜி ஒரு கையைக் குதிகாலிலும் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் வைத்தாள். முப்பது. நாற்பது. பச்சையம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். ஐம்பது.

ஐம்பத்தைந்தில் தலைப்பு வாயிலிருந்து விழுந்தது.

இருநூறு பேர் நடுவே மீன் விலை கூவிய குரல் அது. இப்போது அதில் வார்த்தை இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

வாசலில் திலீப் நின்றான். தோளில் ஐஸ் மூட்டை. சட்டை முதுகில் தண்ணீர் சொட்டியது. அவன் மூட்டையை இறக்கவில்லை.

ஷிஜி காலை மெதுவாகக் கீழே விட்டாள். அவளுக்கும் வேர்த்திருந்தது.

"மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் இவ்வளவு வலியா?"

ஷிஜி அளவுகோலைப் பைக்குள் வைத்தாள்.

"சில பேருக்கு இந்த மாத்திரை போதாது. நான் டாக்டர்ட்ட சொல்லுதேன். பெரிய மாத்திரைதான் எழுத வேண்டி வரும்."

"வாணாம்," என்றாள் பச்சையம்மா. கண் மூடியிருந்தது.

"அப்ப கால் மடங்காதேம்மா. இப்படியே போனா திரும்ப மயக்க ஊசி போட்டுத்தான் மடக்கணும்."

"வாணான்னு சொன்னேன்."

திலீப் மூட்டையை இறக்கினான். "இன்னா அண்ணி, இந்த மாத்திர கேக்காதா அம்மாவுக்கு?"

கேட்கும். அந்த வார்த்தை சுஜாவின் நாக்குவரை வந்தது. கேட்கும் என்றால், ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"தெரியல திலீப்," என்றாள்.

ஷிஜி போனாள். நாளைக்கும் ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னாள்.

திலீப் ஐஸைத் துணியில் கொட்டினான். எழுந்து சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்தான். பச்சையம்மா கட்டிலிலிருந்து சொன்னாள், "ஆங், உப்பு போட்டுக் கட்டு. அப்பதான் சில்லு ஏறும்."

மீன் பெட்டியில் அப்படித்தான் செய்வார்கள். ஐஸில் கல் உப்பு போட்டால் குளிர் இரட்டிப்பாகும். மீன் மறுநாள்வரை விறைத்துக் கிடக்கும். மனுஷத் தோல் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும்.

சுஜா ஜாடியைப் பார்த்தாள். சும்மா நின்றால் போதும். கேட்டவள் மாமியார். போடுபவன் மகன்.

ஒரு கணம் நின்றாள். பிறகு ஜாடியைப் பிடுங்கினாள். அவளுக்கு வேண்டியது வலி. புண் இல்லை.

"உப்பு போட்டா தோல் வெந்துடும். வெறும் ஐஸ் போதும். இன்னொரு துணி சுத்து."

திலீப் அவளைப் பார்த்தான். "நீ இல்லன்னா பேஜாருதான் அண்ணி."

கட்டி முடித்ததும் அவன் உட்காரவில்லை. அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். செருப்பை மாட்டினான்.

"சாப்டுட்டுப் போ திலீப்."

"அப்பால. தோ வந்துர்றேன்."

இரண்டு மணிக்கு சுஜா வெள்ளை மாத்திரையை எடுத்துக்கொண்டு போனாள். பச்சையம்மா வாங்கி விழுங்கினாள்.

"ரெண்டு மணி நேரம்," என்றாள்.

"நீங்க கேக்கல."

"அன்னிக்கு நீ கேட்டே. நான் குடுத்தனா?"

 இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது.

"ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"எல்லாம் கீது. அதான் நான் கேக்கல."

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன் அத்தை."

"சொல்லாத. நீ சொல்லிட்டா நானும் சொல்லணும்."

சுஜா சமையலறைக்கு வந்தாள். நன்றாகப் பசித்தது. வெண்டைக்காய்ப் பொரியலோடு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

ஏறின வலி உடனே இறங்கவில்லை. மூன்று மணிக்கும் பச்சையம்மா முனகினாள். நாலரைக்கு முனகல் நின்றது. ஐந்து மணிக்கு சுஜா எட்டிப் பார்த்தபோது மாமியார் தானாகவே குதிகாலை மெத்தையில் இழுத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் மெல்ல உயர்ந்தது. ஷிஜி விட்ட இடத்தைத் தாண்டியது. முகம் சுளித்தது. சத்தம் வரவில்லை.

மாத்திரை கேட்டது. அதே வெள்ளை மாத்திரை.

சுஜா கைபேசியை எடுத்து திலீப்பைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை அணைத்து வைத்திருந்தான்.

ஆறரைக்கு வந்தான். கொல்லைப் பக்கமாக, நேரே சமையலறைக்கு.

"எங்க போன?"

"புளியந்தோப்பு."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அங்கே அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான். ஜெயவேல். அவனோடுதான் திலீப் புழலுக்குப் போனான்.

திலீப் பேண்ட் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான்.

"அம்மாவுக்குக் குடு. ஒண்ணு போட்டா போதும், நாளைக்குக் காலு மடங்கிடும். அண்ணனுக்குத் தெரிய வாணாம்."

"திலீப்."

"காதுலயே கீது அண்ணி அந்த சவுண்டு. அன்னிக்கு நீ கத்துனியே, அத்த மாதிரியே. அன்னிக்கும் நான்தான் வாங்கியாந்தேன்."

"தெரியும்."

"மெடிக்கல்ல இன்னா கேக்கறதுன்னே தெரியாம போய் நின்னேன். சிரிச்சானுங்க." அவனும் சிரிக்கப் பார்த்தான். "இன்னிக்கு எவனும் சிரிக்கல."

சுஜா அட்டையை எடுத்தாள். பத்துக் குழிகள். ஒன்றில் தகடு கிழிந்திருந்தது.

"இதுல ஒண்ணு எங்க?"

"பஸ்ல பிரிச்சுப் பாத்தேன். கீழ வுழுந்துச்சு."

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். மூஞ்சி கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனான். தாழ் விழுந்தது. குழாய் திறந்தது.

அம்மாவுக்குப் பெரிய மாத்திரை தேவையே இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். ஒரு மணிக்குச் சொல்லியிருக்கலாம். "தெரியல" என்ற இடத்தில் "கேட்கும்" என்று சொல்லியிருக்கலாம்.

"சுஜா."

முன்னறையிலிருந்து குரல். சுஜா அசையவில்லை. ஒன்பது வருஷத்தில் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சுஜா. வலிக்குது. மாத்திர குடு."

அவள் கேட்க விரும்பிய வாக்கியம். ஒரு வார்த்தை குறையாமல்.

முன்னறைக்குப் போனாள். பச்சையம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வலி இல்லை. கை நீண்டிருந்தது.

"ரெண்டு மணிக்குத்தான போட்டீங்க. அடுத்த வெள்ளை மாத்திரை எட்டு மணிக்குத்தான் அத்தை."

"அது இல்ல. உன் கையில கீதே, அது."

சுவர் மெல்லியது. எல்லாம் கேட்டிருக்கிறது. சுஜா அட்டையை அந்தக் கையில் வைத்தாள். பச்சையம்மா கட்டை விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவினாள். மீனின் செவுளைத் தொட்டுப் பார்ப்பதுபோல. கிழிந்த குழியில் விரல் நின்றது.

"ஒம்பது."

"பஸ்ல விழுந்துடுச்சாம்."

"பதினோரு மாசம்," என்றாள் பச்சையம்மா. "ராவும் பகலும் அவன் பின்னாடியே நடந்தேன். இந்தக் காலு அதுலதான் தேஞ்சுது. நீ ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்ட."

"போட்டாச்சுன்னு சொன்னது நீங்க."

"ஆமா. என்னுத நான் பாத்துக்கறேன். உன்னுத நீ பாரு."

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவர்ட்ட சொல்லப் போறீங்களா?"

"எதுக்கு? ரெண்டு நாளு கத்துவான். நீ அழுவே. அப்பால ஆறிப்பூடும்." பச்சையம்மா அட்டையைச் சுருக்குப்பையில் போட்டு, பையை இடுப்பில் செருகினாள். "ஆறக் கூடாது."

சுஜா நின்றாள்.

"மாத்திர பொட்டி உங்கிட்டயே இருக்கட்டும். நேரத்துக்கு நீயே குடு. ஒவ்வொரு தபாவும் எம் மூஞ்சியப் பாத்துக் குடு. நான் நடக்கறவரிக்கும்."

"சரி."

"இப்ப போ. கதவத் தட்டு. அவன் கண்ணு எப்பிடிக் கீதுன்னு மொதல்ல நீ பாரு. நான் அத்த ஒரு தபா பாத்துட்டேன்."

குளியலறைவரை எட்டு அடி. சுஜா நடந்தாள். கதவின் அடியில் தண்ணீர் கசிந்து வந்தது. வாளி நிரம்பி வழிகிறது. உள்ளே வேறு சத்தம் இல்லை.

"திலீப்."



அவள் கையை ஓங்கினாள். தட்டுவதற்குள் குழாய் நின்றது.

கதவு திறக்கவில்லை.